முந்நூற்றைம்பது வாட்

பெரிய அறை மெஷின்களுக்கு, சின்ன அறை மாமனாருக்கு, கூடம் மகன், மருமகள் இரண்டு பேருக்கு என்று அந்த வீடு பிரிந்திருந்தது. ஏசி பெரிய அறையில் மட்டும் இருந்தது. நான்கு வருஷமாக ஓடுகிறது. அதன் கீழே மனுஷர் ஒருவரும் ஒரு மதியம்கூடப் படுத்ததில்லை.

இரும்புச் சட்டத்தில் ஆறு சர்வர்கள் அடுக்கியிருந்தன. பதினொரு கிளை வைத்திருக்கும் ஒரு ரத்தப் பரிசோதனை நிலையத்தின் ரிப்போர்ட்டுகள் அவற்றில் இருந்தன. யாருக்குச் சர்க்கரை ஏறியது, யாருக்கு ரத்தம் குறைந்தது, யார் பணம் கட்டாமல் ரிப்போர்ட்டை அப்படியே விட்டுப் போனார்கள், எல்லாம் அந்த அறைக்குத் தெரியும். புருஷன் ஒரு பெரிய கம்பெனியின் கம்ப்யூட்டர் அறையில் எட்டு வருஷம் வேலை பார்த்தவன். ஆள் குறைத்தபோது அவனையும் குறைத்தார்கள். கிடைத்த தொகையில் வீட்டிலேயே ஒரு அறையைத் திறந்தான். தெருவில் அவனுக்கு 'சர்வர்' என்றே பெயர் விழுந்துவிட்டது. "என்ன சர்வர், இன்னிக்கு சாம்பார் உண்டா?" என்று கேட்பதற்கென்றே இரண்டு பேர் இருந்தார்கள். அவன் சிரிப்பதில்லை.

மாமனார் முப்பது வருஷம் மொசைக் தரைக்கு பாலிஷ் போட்டவர். ஊரில் பாதி வீடுகளின் தரை அவர் கைப்பட்டது. தரையிலிருந்து கிளம்பிய தூசு பாதி காற்றில் போனது, பாதி அவர் நெஞ்சில் தங்கிவிட்டது. இப்போது கட்டிலின் ஓரத்தில் ஒரு ஆக்சிஜன் மெஷின், முழங்கால் உயரத்தில், சக்கரம் வைத்தது. காற்றை இழுத்து, வடித்து, ஒரு குழாய் வழியாக அவர் மூக்கில் விடும். கரண்டில் ஓடும். முந்நூற்றைம்பது வாட்.

பரிசோதனை நிலையம் இதுவரை வருஷத்துக்கு வருஷம் ஒப்பந்தம் போட்டுக்கொண்டிருந்தது. இந்தத் தடவை மூன்று வருஷத்துக்குத் தருவதாகச் சொன்னது. ஒரே நிபந்தனை. கரண்ட் போனால் இரண்டு மணி நேரம் அந்த அறை அணையாமல் தாக்குப்பிடிக்க வேண்டும். வியாழக்கிழமை மதியம் இரண்டு மணிக்கு ஆள் அனுப்பி மெயினை இறக்கிப் பார்ப்பார்கள். தாக்குப்பிடித்தால் மூன்று வருஷம். இல்லாவிட்டால் மாதக் கடைசியில் ஆறு பெட்டிகளிலும் இருப்பதை வேறு ஒருவனுக்கு மாற்றிக் கொடுத்துவிட்டு அறையைப் பூட்ட வேண்டியதுதான். வேறு வருமானம் அந்த வீட்டில் கிடையாது.

செவ்வாய்க்கிழமை மதியம், அனுப்ப வேண்டிய படிவத்துக்கு அவன் சொல்லச் சொல்ல அவள் கம்ப்யூட்டரில் அடித்தாள். வீட்டில் பில் போடுவது, கடிதம் அடிப்பது எல்லாம் அவள்தான்.

"சர்வர் ஆறு. ஆயிரத்து ஐந்நூறு வாட்."

"ம்."

"டிஸ்க் பெட்டி, ரௌட்டர், அது இது எல்லாம் சேத்து முந்நூறு. ஏசி தொள்ளாயிரம்."

"ஏசியும் பேட்டரியிலயா ஓடணும்?"

"பின்ன? இந்த வெயில்ல ஏசி நின்னா பத்து நிமிஷத்துல உள்ள அடுப்பு மாதிரி ஆயிடும். மெஷின் தானா அணைஞ்சுக்கும். அப்புறம் பேட்டரி இருந்து என்ன, போய் என்ன. மொத்தம் எவ்வளவு?"

"ரெண்டாயிரத்து எழுநூறு."

"வழியில பத்துல ஒரு பங்கு வீணாப் போகும். மூவாயிரம்னு போடு. ரெண்டு மணி நேரத்துக்கு ஆறாயிரம். புதுப் பேட்டரி ஒண்ணுல நம்பி எடுக்கறது எழுநூத்து எண்பது. எட்டுக்கு?"

"ஆறாயிரத்து இருநூத்து நாப்பது."

"அஞ்சு நிமிஷம் மிச்சம் நிக்கும்."

"அஞ்சு நிமிஷம்தானா? இன்னும் ஒண்ணு ரெண்டு சேத்து வாங்கிட்டா என்ன?"

"ஒண்ணு ரெண்டு சேக்க முடியாது. எட்டும் மாலை மாதிரி ஒண்ணோட ஒண்ணு கோத்திருக்கு. சேத்தா இன்னொரு எட்டு சேக்கணும். உங்க வீட்ல வாங்கித் தராங்களா, கேட்டுப் பாரு."

"கேக்கறேன். பழசுன்னு உங்களைத் திருப்பிக் குடுத்தா எவ்வளவு கழிச்சுக்குவாங்கன்னும் சேத்துக் கேக்கறேன்."

அவன் காதில் வாங்கவில்லை. பேப்பரைப் பார்த்துக்கொண்டே கடைசி வரியைச் சொன்னான். "மேற்படி மின்வழியில் வேறு எந்தச் சுமையும் இணைக்கப்படவில்லை என உறுதி கூறுகிறேன். கீழ என் கையெழுத்துக்கு இடம் விடு."

அவள் 'மேற்படி' வரைக்கும் அடித்தாள். பிறகு, அடுப்பில் பால் இருக்கிறது என்று எழுந்து போனாள். அடுப்பில் ஒன்றும் இல்லை.

அந்த மின்வழியில் ஒரு சுமை இருந்தது. பதினொரு மாதமாக இருக்கிறது.

போன கோடையில் ஒரு மதியம் தெருவுக்கே கரண்ட் போனது. முப்பத்தைந்து நிமிஷம். புருஷன் பெரிய அறையில் பேட்டரி எத்தனை கட்டம் காட்டுகிறது என்று பார்த்துக்கொண்டு நின்றான். சின்ன அறையில் மாமனார் கட்டிலின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். அவர் உதடு சாம்பல் நிறத்துக்குப் போனதை அவள் பார்த்தாள். விசிறிக்கொண்டே இருந்தாள். விசிறியால் என்ன ஆகும். வாடகைக்கு எடுத்திருந்த சிலிண்டரைச் செலவு மிச்சம் என்று அதற்கு முந்தின வாரம்தான் திருப்பி அனுப்பியிருந்தார்கள். கரண்ட் வந்ததும், மாமாவுக்கு என்று தனியாக ஒரு சின்ன இன்வெர்ட்டர் வாங்கலாம் என்றாள். அடுத்த மாசம் பார்க்கலாம் என்றான். அடுத்த மாசம் ஒரு டிஸ்க் போனது. அதற்கடுத்த மாசம் ஏசிக்கு கேஸ் நிரப்ப வேண்டியிருந்தது.

மூன்றாவது மாசம் அவள் கேட்கவில்லை. அவன் வெளியே போயிருந்த ஒரு காலையில் ஒயர்மேனைக் கூப்பிட்டாள். பெரிய அறையின் பேட்டரி லைனிலிருந்து சுவரோரமாக ஒரு ஒயர், சின்ன அறையில் துணி அலமாரிக்குப் பின்னால் ஒரு பிளக். அரை மணி நேர வேலை. "சாருக்குத் தெரியுமா அக்கா?" என்று ஒயர்மேன் கேட்டான். "தெரியும், தெரியும்" என்றாள். கரண்ட் போகும்போதெல்லாம் அவன் பெரிய அறைக்கு ஓடுவான், அவள் சின்ன அறைக்கு ஓடி ஆக்சிஜன் மெஷினின் பிளக்கை அலமாரிக்குப் பின்னால் மாற்றுவாள். கரண்ட் வந்ததும் பழைய இடத்தில் மாட்டிவிடுவாள். மாமனாருக்குத் தெரியும். அவர் ஒரு வார்த்தை கேட்டதில்லை.

அதிலிருந்து பேட்டரி சீக்கிரம் இறங்க ஆரம்பித்தது. புருஷன் ஏசிக்காரரை இரண்டு தடவை கூப்பிட்டான். பேட்டரி கடைக்குப் போய் சண்டை போட்டான். திரும்பத் திரும்பக் கணக்குப் போட்டுப் பார்த்தான். காலையில் அவள் எழுந்திருக்கும்போது அவன் தலையணைக்குப் பக்கத்தில் அதே பேப்பர் கிடக்கும். கடைசியில் பேட்டரி செத்துவிட்டது என்று முடிவுகட்டி, புதிதாக எட்டுக்குத் தவணை எழுதிக்கொடுத்தான். பழைய எட்டையும் கடைக்காரர் எடுத்துக்கொண்டு, ஒன்றுக்கு இரண்டாயிரம் வீதம் கழித்துக்கொள்வதாகப் பேச்சு.

அடுப்பங்கரையில் நின்று அவள் மனக்கணக்குப் போட்டாள். மூவாயிரத்தோடு மாமாவின் மெஷினும், அது வழியில் வீணாக்குவதும் சேர்ந்தால் மூவாயிரத்து நானூறு. புதுப் பேட்டரியே ஒரு மணி ஐம்பது நிமிஷத்தில் நின்றுவிடும். வியாழக்கிழமை மெயினை இறக்கினால் சின்ன அறையிலும் கரண்ட் இருக்காது. பிளக்கை மாற்றினால் பத்து நிமிஷத்தில் ஒப்பந்தம் போகும். மாற்றாவிட்டால் இரண்டு மணி நேரம் மாமா மூச்சுக்கு என்ன செய்வார்.

திரும்ப வந்து உட்கார்ந்து அந்த வரியை முழுதாக அடித்தாள். அவன் கையெழுத்துப் போட்டான்.

புதன்கிழமை காலை பேட்டரிக்காரர் ஒரு சின்ன வண்டியில் வந்தார். தடித்த ஆள். புதுசு எட்டையும் உள்ளே வைத்துக் கோத்துவிட்டு, பழசை ஒவ்வொன்றாகத் தூக்கி வாசலில் வைத்தார். ஒவ்வொன்றும் இருபத்தைந்து கிலோவுக்குக் குறையாது. நான்காவதை வைத்துவிட்டு இடுப்பில் கை வைத்து நின்றார். புருஷன் உள்ளே புதுசின் திருகுகளை முடுக்கிக்கொண்டிருந்தான்.

"தண்ணி குடுக்கவா?" என்றாள்.

"குடுங்கக்கா." சட்டைப்பையிலிருந்து மீட்டரை எடுத்து ஒரு பேட்டரியில் வைத்துப் பார்த்தார். அடுத்ததில் வைத்தார். "சார் எதுக்கு இதைப் போடறாருன்னே தெரியலை. இவர் போட்ட சத்தத்துக்கு நான் செத்த பாம்பை எதிர்பார்த்தேன். இது நல்லாத்தான் இருக்கு. இன்னும் ஒரு வருஷம், ரெண்டு வருஷம் ஓடும். எனக்கென்னக்கா, நான் துடைச்சு வேற ஆளுக்கு வித்துருவேன்."

அவள் சொம்பைக் கையில் வைத்துக்கொண்டு நின்றாள். அவர் ஐந்தாவதைத் தூக்கப் போனார்.

"அதை வண்டில ஏத்தாதீங்க," என்றாள்.

"ஏன்க்கா?"

"ஏத்தாதீங்க. அவர் வரட்டும்."

உள்ளே போய்ச் சொன்னாள். எப்படிச் சொல்வது என்று பதினொரு மாதம் யோசித்ததில் ஒன்றுகூட வாயில் வரவில்லை. "அலமாரிக்குப் பின்னாடி ஒரு பிளக் இருக்குங்க. உங்க பேட்டரி லைன்தான். கரண்ட் போனா மாமா மெஷினை அதுலதான் மாட்டுவேன். நான்தான் போடச் சொன்னேன்."

அவன் ஸ்பேனரைக் கீழே வைத்தான். "எப்போலேர்ந்து?"

"பதினொரு மாசம்."

"அப்ப பேட்டரி நல்லாத்தான் இருக்கு," என்றான். அவன் முகத்தில் வந்தது சிரிப்பா என்று அவளுக்குத் தெரியவில்லை. "என் கணக்கு சரிதான். ஒரு வருஷமா எனக்கு மூளை கழண்டுபோச்சோன்னு நினைச்சுட்டு இருக்கேன். ஏசிக்காரன் என்னைப் பாத்தா எதிர்ப்பக்கமா போறான். கணக்கு சரியாத்தான் இருந்திருக்கு."

"சரிதான்."

அப்புறம்தான் அவனுக்குக் கோபம் வந்தது. "ஒரு வார்த்தை சொல்றதுக்கு என்ன? நேத்து அந்த வரியை நீதானே அடிச்ச? நான் கையெழுத்துப் போடறதைப் பாத்துட்டு உக்காந்திருந்தியே. நாளைக்கு டெஸ்ட் பண்ண வர்றவங்க அலமாரியை நகத்திப் பாத்தா என்னைத் திருடன்னு சொல்லுவாங்க."

"சொன்னா நீங்க ஒயரைப் பிடுங்கிருப்பீங்க."

"பிடுங்கித்தான் இருப்பேன்."

"அதான் சொல்லலை."

"நாளைக்கு அது இருக்கக் கூடாது."

"இருக்க வேணாம். மாமாவுக்கு வேற வழி பண்ணிட்டு எடுங்க."

சின்ன அறையிலிருந்து இருமல் கேட்டது. பிறகு மாமனாரின் குரல், ஒரு வாக்கியத்துக்கு இரண்டு இடத்தில் நின்று நின்று வந்தது. "டேய். என்னையும் பழைய பேட்டரியோட... வண்டில ஏத்திவிடு. எவ்வளவு கழிப்பாருன்னு... கேளு."

வாசலிலிருந்து பேட்டரிக்காரர் சொன்னார், "மேல பேர், வருஷம் ஒண்ணும் அழியாம இருந்தா நல்ல விலை போட்டுத் தரேன் பெரியவரே."

"வருஷம் எல்லாம் அழிஞ்சு... ரொம்ப நாள் ஆச்சுப்பா."

ஒருவரும் சிரிக்கவில்லை என்றாலும் குரல்கள் அதன்பின் கொஞ்சம் இறங்கின. புருஷன் ஒயர்மேனுக்கு போன் செய்தான். ஒயர்மேனிடம் வேறு வீட்டில் கழற்றிய சின்ன இன்வெர்ட்டர் ஒன்று கிடந்தது. ஒற்றைப் பேட்டரியில் ஓடுவது. செய்த காரியத்துக்குப் பயந்து, வாடகை வேண்டாம் சார் என்று அவனே சொல்லிவிட்டான். இனி பழைய பேட்டரியில் ஒன்றை வண்டியில் ஏற்றாமல் நிறுத்தினால் போதும். ஒன்றுக்கு இரண்டாயிரம் கையிலிருந்து கொடுக்க வேண்டும். புருஷன் சட்டைப்பையைப் பார்த்தான். அவள் சமையல் செலவு டப்பாவைக் கொண்டுவந்தாள்.

"ரெண்டு நிறுத்திக்கலாங்க," என்றாள்.

"ஒண்ணு போதும். முந்நூத்தைம்பது வாட், வீணாப் போறது சேத்து நானூத்துப் பத்து. பேட்டரில எழுநூத்து எண்பது. ஒரு மணி ஐம்பத்து நாலு நிமிஷம் வரும்."

"டெஸ்ட் ரெண்டு மணி நேரமாச்சே."

"ஆறு நிமிஷம்தானே. அப்பா சமாளிச்சுக்குவார்."

அவள் அவனைப் பார்த்தாள். "ரூமுக்கு அஞ்சு நிமிஷம் கூட. மாமாவுக்கு ஆறு நிமிஷம் கம்மி."

"டப்பால எவ்வளவு இருக்குன்னு பாத்துட்டுப் பேசு."

டப்பாவில் இரண்டாயிரத்து இருநூறு இருந்தது. பேட்டரிக்காரர் இரண்டாயிரத்தை எண்ணி வாங்கிக்கொண்டு ஏழு பேட்டரிகளோடு போனார்.

வியாழக்கிழமை காலை ஒயர்மேன் அலமாரிக்குப் பின்னால் இருந்த பிளக்கைக் கழற்றி, ஓட்டையைச் சுண்ணாம்பு வைத்து அடைத்தான். சின்ன இன்வெர்ட்டரைக் கட்டில் காலடியில் வைத்துப் பேட்டரியோடு இணைத்தான். அதை ஓடவிட்டுப் பார்க்க நேரமில்லை. ஓட்டிவிட்டால் மறுபடி நிரம்ப அரை நாள் ஆகும். அதனால் இரண்டு மணி நேரச் சோதனை இரண்டு அறைக்கும் என்று ஆனது. ஒன்றைப் பற்றி மட்டும்தான் படிவத்தில் எழுதியிருந்தது.

பரிசோதனை நிலையத்திலிருந்து வந்தவள் நாற்பது வயதுப் பெண். கையில் ஒரு அட்டை, கழுத்தில் கண்ணாடி. தண்ணீர்கூட வேண்டாம் என்றாள்.

"மேடம், ரூம் பிரேக்கரை மட்டும் இறக்கினா போதுமில்ல?" என்றான் புருஷன். "உள்ள அப்பா இருக்கார், ஆக்சிஜன் மெஷின்ல."

"மெயினையே இறக்கணும் சார். போன மாசம் ஒருத்தர் சமையல்கட்டுல இருந்து லைன் எடுத்து ஓட்டிக் காட்டினார். மிக்ஸி போட்டதும் மாட்டிக்கிட்டார். அப்பாவுக்குத் தனியா ஏதாவது இருக்குல்ல?"

"இருக்கு மேடம்."

"அப்ப சரி. வெளியில இருந்து ஒயர் எதுவும் உள்ள வரக் கூடாது. அதையும் பாத்துடறேன்."

அந்தப் பெண் சன்னல் சன்னலாகப் பார்த்தாள். சரியாக இரண்டு மணிக்கு மெயினை இறக்கி, அதன்மேல் ஒரு காகிதத்தை ஒட்டிக் கையெழுத்திட்டாள். மின்விசிறிகள் நின்றன. பெரிய அறையின் இரைச்சல் மட்டும் அப்படியே இருந்தது. சின்ன அறையில் இன்வெர்ட்டர் ஒரு தடவை 'டக்' என்றது. ஆக்சிஜன் மெஷின் நிற்காமல் ஓடியது.

மருமகள் கட்டிலின் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தாள். விசிறி இல்லாத அறையில் வேர்வை முதுகில் வழிந்தது. மாமனார் கண்ணை மூடியிருந்தார். இரண்டரை. மூன்று. இடையில் புருஷன் ஒரு தடவை எட்டிப் பார்த்து, "அங்க மூணு கட்டம் நிக்குது," என்றான். இங்கே எப்படி என்று கேட்கவில்லை. கேட்டாலும் சொல்வதற்கு அந்தச் சின்னப் பெட்டியில் கட்டம் எதுவும் இல்லை. ஒரு பச்சை விளக்குதான்.

மூன்று இருபதுக்கு அது சிவப்பானது. பெட்டி கூவ ஆரம்பித்தது.

அவள் கடிகாரத்தைப் பார்த்தாள். ஒரு மணி இருபது நிமிஷம். பேட்டரி நன்றாக இருப்பதாக மீட்டர் சொன்னது, பேட்டரிக்காரர் சொன்னார், புருஷன் சொன்னான். கொஞ்சம் செத்துத்தான் இருந்திருக்கிறது. இன்னும் நாற்பது நிமிஷம். மாமனார் கண்ணைத் திறந்து அந்தக் கூவலைக் கேட்டார். கட்டிலின் விளிம்பைப் பிடித்துக்கொண்டார்.

அலமாரிக்குப் பின்னால் ஈரச் சுண்ணாம்பு. வாசலில் காகிதம் ஒட்டிய மெயின். அதைக் கிழித்தால் மூன்று வருஷம் போகும். கிழித்துவிட வேண்டியதுதான் என்று எழுந்தாள்.

அப்போது சுவருக்கு அந்தப் பக்கம் ஒரு மோட்டார் சத்தம் கேட்டது. விட்டு விட்டு ஓடியது. பக்கத்து வீட்டுத் தையல்காரம்மாவின் மெஷின்.

அவள் அப்படியே நின்றாள். தெருவில் கரண்ட் இருக்கிறது. தெரு முழுக்க இருக்கிறது. இரண்டு நாளாக வாட்டும் நிமிஷமுமாக எண்ணிக்கொண்டிருந்த மூன்று பேருக்கும் அது தோன்றவே இல்லை. அந்த வீட்டில் கரண்ட் போகிறது என்றால் தெருவுக்கே போகிறது என்றுதான் இத்தனை நாள் பழக்கம்.

"மாமா, எழுந்திரிங்க. பக்கத்து வீட்டுக்குப் போலாம்."

"எதுக்கும்மா?"

"கரண்டுக்கு."

அவர் அவளைப் பார்த்தார். "அட... ஆமா," என்றார்.

மெஷினைப் பிடுங்கி ஒரு கையில் உருட்டினாள். மறு கையில் மாமனார். குழாயைத் தோளில் சுற்றிக்கொண்டாள். கூடத்தில் அந்தப் பெண் தலை நிமிர்ந்து பார்த்தாள். புருஷன் எழுந்தான். "நீங்க உங்க ரூமைப் பாருங்க," என்று சொல்லிவிட்டு நடந்தாள். பின்கதவிலிருந்து தையல்காரம்மா வீட்டுக்கு முப்பது அடிதான். மாமனார் நான்கு தடவை நின்றார். நான்காவது தடவை நின்றபோது அவர் எடை முழுவதும் அவள் தோளில் இருந்தது. உதடு அந்தப் பழைய நிறத்துக்கு வந்திருந்தது. அவள் அதைப் பார்க்காமல் கதவைக் காலால் தட்டினாள்.

தையல்காரம்மா வாயில் இரண்டு குண்டூசியோடு திறந்தாள். பார்த்ததும் குண்டூசியைத் துப்பினாள். "என்னடி இது?"

"பிளக் எங்கக்கா இருக்கு?"

சுவர்ப் பலகையில் ஒரே ஒரு பெரிய பிளக். அதில் இஸ்திரிப்பெட்டி இருந்தது. தையல்காரம்மா அதைப் பிடுங்கி எறிந்தாள். ஆக்சிஜன் மெஷின் ஒரு தடவை இருமி ஓட ஆரம்பித்தது. துணிகள் குவிந்திருந்த நாற்காலியைக் காலி செய்து மாமனாரை உட்கார வைத்தார்கள். பத்து நிமிஷத்தில் உதட்டின் நிறம் மெல்ல மெல்லத் திரும்பியது.

"உங்க வீட்ல மட்டும் என்ன கரண்ட் இல்ல?" என்றாள் தையல்காரம்மா.

"பரீட்சைக்கா."

"யாருக்கு?"

அவள் மாமனாரின் மூக்கிலிருந்த குழாயைச் சரிசெய்தாள்.

நான்கு மணி தாண்டி ஐந்து நிமிஷத்துக்குப் புருஷன் வந்தான். வாசலில் செருப்பைக் கழற்றாமலே, "தாங்கிடுச்சு," என்றான். "ரெண்டு மணி நேரம், மேல ஒரு நிமிஷம் கூட ஓட்டிப் பாத்துட்டுத்தான் அந்தம்மா கையெழுத்துப் போட்டா." பிறகு அப்பாவைப் பார்த்தான். அவர் மூக்கில் குழாய், மடியில் யாருடையதோ தைத்து முடிக்காத சட்டைக் கை. அவன் செருப்பைக் கழற்றிவிட்டு வந்து தரையில், வெட்டிப் போட்ட துணித் துண்டுகளின் மேல் உட்கார்ந்தான்.

"அது எவ்வளவு நேரம் ஓடுச்சு?" என்று கேட்டான்.

"ஒண்ணு இருபது," என்றாள்.

அவன் உதடு அசைந்தது. விரலால் முழங்காலில் ஏதோ எழுதினான். அப்பா அதைப் பார்த்துக்கொண்டே இருந்தார்.

"தெருவுக்கே போச்சுன்னா... இந்த வீட்லயும் இருக்காதேடா," என்றார். "எனக்கும் ஒரு எட்டு... வாங்கணுமா?"

"இல்லப்பா. இன்னும் ஒண்ணு போதும்."

"ஒண்ணுதானா?" என்றார் அவர்.

அவன் தலையை நிமிர்த்தவில்லை. தையல்காரம்மா மூன்று பேரையும் மாறி மாறிப் பார்த்தாள். கையில் இஸ்திரிப்பெட்டியின் ஒயர் இருந்தது.

"உங்க வீட்ல கரண்ட் வந்துடுச்சுல்ல," என்றாள். "ஆறு மணிக்கு இந்தச் சட்டையை வாங்க ஆள் வரும். இதைத் தேய்க்கணும்."